வானவில் நிற விமானங்கள்: கோர்ட் லைன் எழுந்ததும் விழுந்ததும்

1970களின் தொடக்கத்தில் லண்டனுக்கு வடக்கே இருக்கும் லூட்டன் விமான நிலையத்துக்குப் போயிருந்தால் கண்ணைப் பறிக்கிற ஒரு காட்சி கிடைத்திருக்கும். அந்தக் காலத்தில் விமானம் என்றால் வெள்ளை உடம்பு, ஜன்னல் ஓரமாக நீளமாக ஒரு கோடு, வாலில் ஒரு சின்னம், அவ்வளவுதான். லூட்டனில் மட்டும் ஒன்று மூக்கிலிருந்து வால்வரை இளஞ்சிவப்பு, அடுத்தது ஆரஞ்சு, அதற்கடுத்தது பச்சை கலந்த நீலம், இன்னொன்று ஊதா என்று நிற்கும். ஒவ்வொரு விமானத்திலும் அதே நிறம் மூன்று அடர்த்திகளில் அலை அலையாகப் போகும். பக்கத்தில் 'கோர்ட்' என்று எழுதியிருக்கும். விமானப் பணிப்பெண்களின் உடையை வடிவமைத்தவர் மேரி குவான்ட், குட்டைப் பாவாடையை உலகமெங்கும் கொண்டுபோன அதே மேரி குவான்ட்.

கோர்ட் லைன் என்ற இந்த நிறுவனம் அந்தப் பெயரில் பறந்தது ஐந்து ஆண்டுகூட இல்லை. 1970 ஜனவரி 1இல் பெயர் வந்தது, 1974 ஆகஸ்ட் 15இல் எல்லாம் முடிந்தது. ஆனால் அந்தக் குறுகிய காலத்துக்குள், சாதாரண வேலை பார்க்கும் ஒரு பிரிட்டிஷ் குடும்பம் ஸ்பெயின் கடற்கரைக்கு விமானத்தில் போவது என்பதை வருடாந்தர வழக்கமாக மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. விழுந்தபோதும் தனியாக விழவில்லை, நாட்டின் மிகப் பெரிய சுற்றுலா நிறுவனத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. சுற்றுலா சார்ட்டர் விமான நிறுவனங்கள் எப்படி வாழ்கின்றன, எதனால் சாகின்றன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சார்ட்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வழக்கமான விமான நிறுவனம் கால அட்டவணை போட்டு, சீட் சீட்டாக டிக்கெட் விற்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் விமானம் கிளம்பியாக வேண்டும். சார்ட்டர் என்பது ஒரு கூட்டம் சேர்ந்து பஸ்ஸை வாடகைக்குப் பிடிப்பதுபோல. சுற்றுலா நிறுவனம் விமானத்தையே மொத்தமாக வாடகைக்கு எடுக்கும், ஸ்பெயினில் ஹோட்டல் அறைகளையும் மொத்தமாகப் பிடித்துவைக்கும், இரண்டையும் சேர்த்து ஒரே விலையில் மக்களுக்கு விற்கும். இதுதான் பேக்கேஜ் டூர். பயணி பணம் கட்டுவது சுற்றுலா நிறுவனத்திடம், புகார் சொல்வதும் அங்கேதான். விமான நிறுவனத்துக்கு அந்தப் பயணி யார் என்றே தெரியாது. அதன் வாடிக்கையாளர்கள் மூன்று நான்கு சுற்றுலா நிறுவனங்கள் மட்டுமே, சில சமயம் ஒன்றே ஒன்று. இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தத் தொழில் பிரிட்டனில் தொடங்கியது 1950இல். விளாடிமிர் ரைட்ஸ் என்று ஒருவர், மாஸ்கோவில் பிறந்தவர், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பாட்டி விட்டுச்சென்ற பணத்தைப் போட்டு ஹொரைசன் ஹாலிடேஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். ஒரு பழைய டகோட்டா விமானத்தை வாடகைக்கு எடுத்து, கோர்சிகா தீவிலுள்ள கால்வி என்ற ஊருக்கு ஆட்களை அழைத்துப்போனார். கூடாரத்தில் தங்கல், சாப்பாடு, விமானம் எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அந்த நாளில் பக்கத்திலுள்ள நீஸ் நகரத்துக்கு வழக்கமான விமானத்தில் போய்வரக் கட்டணம் மட்டுமே 70 பவுண்டு அளவுக்கு இருந்தது. பிரிட்டனில் இறைச்சிக்கு இன்னும் ரேஷன் இருந்த காலம் அது. ரைட்ஸோ தினமும் இறைச்சியும் வேண்டிய அளவு ஒயினும் தருவதாகச் சொன்னார். அரசாங்கம் அனுமதி கொடுத்தது, ஆனால் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டுமே ஏற்றிச்செல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டது. காரணம் எளிது. அரசுக்குச் சொந்தமான விமான நிறுவனங்களின் வியாபாரம் கெட்டுப்போகக் கூடாது.

இந்தக் காவல் மனப்பான்மை வெகுகாலம் நீடித்தது. ஒரு பேக்கேஜ் டூரின் மொத்த விலை, அந்த ஊருக்கான வழக்கமான போக-வர விமானக் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்றே ஒரு விதி இருந்தது. அதாவது உங்களால் மலிவாகக் கொடுக்க முடிந்தாலும் கொடுக்கக் கூடாது. 1960களின் இறுதியில் குளிர்காலப் பயணங்களுக்கு மட்டும் இது கொஞ்சம் தளர்ந்தது, 1970களின் தொடக்கத்தில் முழுவதுமாகப் போனது. நடுவில் இன்னொரு விஷயமும் நடந்தது. 1966இல் ஹரால்டு வில்சன் அரசு, வெளிநாடு போகிறவர் ஆண்டுக்கு 50 பவுண்டு மதிப்பிலான அந்நியச் செலாவணிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. வெளிநாட்டுச் சுற்றுலாவையே இது கொன்றுவிடும் என்று பார்த்தால், பேக்கேஜ் டூருக்கு அதுவே வசதியாகப்போனது. விமானச் செலவு பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் பவுண்டிலேயே போவதால் அது இந்த வரம்புக்குள் வராது. ஹோட்டல் செலவு மட்டும்தான் வரும், அதுவும் மொத்தமாகப் பேசி வாங்கிய குறைந்த விலையில். தனியாகப் போகிறவனுக்கு 50 பவுண்டில் கை கட்டிப்போடப்பட்டிருந்தது, டூரில் போகிறவன் அதே 50 பவுண்டில் இரண்டு வாரம் தாராளமாக இருந்துவிட்டு வரலாம். இந்த வரம்பு 1970 தொடக்கத்தில் நீங்கியபோது அணை திறந்ததுபோல் கூட்டம் கிளம்பியது.

சரி, கோர்ட் லைனுக்கு வருவோம்.

அதன் வேர் ஆட்டேர் என்ற நிறுவனம். 1950களில் ஹெலிகாப்டர் வேலைகளில் தொடங்கி, 1960இல் லூட்டனிலிருந்து டகோட்டாக்களைப் பறக்கவிட ஆரம்பித்தது. பிளாக்பூல், கிளாஸ்கோ, டீஸைடு என்று உள்நாட்டு வழித்தடங்களையும் வைத்துக்கொண்டு, கோடையில் சுற்றுலாச் சார்ட்டரும் ஓட்டிக்கொண்டிருந்தது. ஏர்ஸ்பீடு அம்பாசடர் போல மற்றவர்கள் கழித்துவிட்ட பழைய இரட்டை எஞ்சின் விமானங்கள்தான் கையில். அந்தக் காலத்துச் சின்ன நிறுவனங்கள் எல்லாமே அப்படித்தான் வாழ்ந்தன. பழைய விமானம் வாங்க மலிவு, ஓட்டச் செலவு, பழுது பார்க்க இன்னும் செலவு. வருமானமோ கோடை நான்கைந்து மாதங்களில் மட்டும். ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவதே சாதனை.

1965இல் கோர்ட் லைன் என்ற பழைய கப்பல் நிறுவனம் ஆட்டேரை வாங்கியது. உலகம் முழுக்கச் சரக்குக் கப்பல் ஓட்டியவர்கள் இவர்கள். கப்பல் தொழிலில் ஒரு கப்பலை இத்தனை ஆண்டுக்கு என்று ஒரே வாடிக்கையாளருக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிடுவது சாதாரணம். சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை வந்துவிடும், அந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் புதுக் கப்பலுக்குக் கடன் வாங்கலாம். இந்த யோசனையை அப்படியே விமானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பொருத்தமான ஒரு கூட்டாளியும் அப்போது வளர்ந்துகொண்டிருந்தார்: கிளார்க்சன்ஸ் ஹாலிடேஸ்.

கிளார்க்சன்ஸும் ஒரு கப்பல் தரகு நிறுவனத்தின் கிளைதான். டாம் கல்லிக் என்பவர் அதை நடத்தினார். (பின்னாளில் இவர் ஸ்பெயினில் குடியேறி, உலகிலேயே அதிகப் பறவை இனங்களைப் பார்த்தவர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கினார். அது தனிக் கதை.) ஹாலந்துத் துலிப் வயல்களைப் பார்க்கக் குறுகிய பயணங்கள் நடத்தித் தொடங்கியவர், வெகு சீக்கிரத்தில் ஸ்பெயின் கடற்கரைக்கு ஆட்களை ஏற்றியனுப்புவதில் எல்லோரையும் முந்தினார். அவருடைய கணக்கு இதுதான்: ஹோட்டலையும் விமானத்தையும் மிகப் பெரிய அளவில் வாங்கு, விலையை யாரும் தொட முடியாத அளவுக்குக் கீழே இறக்கு, எல்லாச் சீட்டையும் நிரப்பு. ஸ்பெயினில் ஹோட்டல் கட்டுகிறவர்களுக்கு முன்பணம் கொடுத்து, கட்டி முடியும் முன்பே அறைகளைப் பிடித்துவைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் மிகப் பெரிய பேக்கேஜ் டூர் நிறுவனம் கிளார்க்சன்ஸ்தான்.

கிளார்க்சன்ஸின் கூட்டம் கைவசம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஆட்டேர் புத்தம்புது ஜெட் விமானங்களை வாங்கியது. 1968இல் முதல் பிஏசி ஒன்-லெவன் வந்தது. ஒரு சின்னச் சார்ட்டர் நிறுவனம் பழைய விமானத்தை விட்டுவிட்டு நேராகத் தொழிற்சாலையிலிருந்து ஜெட் எடுத்தது அன்றைக்குப் பெரிய துணிச்சல். ஆனால் அதில் கணக்கும் இருந்தது. பழைய இறக்கை விசிறி விமானம் மயோர்க்கா தீவுக்குப் போய்வர அரை நாளைத் தின்றுவிடும், ஜெட் அதே நாளில் இரண்டு மூன்று தடவை போய்வரும். விடியற்காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை, ராத்திரி ஒரு நடை. விமானம் தரையில் நின்றால் கடன் வட்டி மட்டும் ஓடும், வானத்தில் இருந்தால்தான் காசு. சார்ட்டர் பயணிகள் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பச் சொன்னாலும் கிளம்புவார்கள், விலை குறைவாக இருந்தால் போதும். அதனால் இருபத்துநாலு மணி நேரத்தையும் பிழிந்து எடுக்க முடிந்தது.

1969 அக்டோபரோடு உள்நாட்டு வழித்தடங்களை முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். இனி சுற்றுலா மட்டும்தான். அடுத்த ஜனவரியில் தாய் நிறுவனத்தின் பெயரையே விமானத்துக்கும் வைத்தார்கள், நான் மேலே சொன்ன வண்ணங்களும் வந்தன. எட் போஸி என்பவர் நிர்வாக இயக்குநர். ஒன்-லெவனின் நீட்டிய வகையில் 119 சீட் போட்டார்கள்.

அந்த 119 சீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. சாப்பாட்டை எங்கே வைப்பது? வழக்கமான விமானத்தில் சமையல் பகுதி, தள்ளுவண்டி எல்லாம் இடத்தை அடைக்கும். கோர்ட் லைன் என்ன செய்தது என்றால், முன்சீட்டின் முதுகிலேயே சின்ன அலமாரி மாதிரி இரண்டு அறைகளை வைத்தது. லூட்டனிலேயே இரண்டு குளிர்ந்த சாப்பாட்டையும் நிரப்பிவிடுவார்கள், ஒன்று போகும்போது உட்காருகிறவருக்கு, மற்றது அதே சீட்டில் திரும்பி வரப்போகிறவருக்கு. இரண்டாவது அறை பூட்டியிருக்கும். பணியாளர்கள் சாப்பாடு எடுத்துக்கொடுக்க நடக்க வேண்டியதில்லை, ஸ்பெயினில் சாப்பாடு வாங்க வேண்டியதில்லை, மிச்சமான இடத்தில் இன்னும் சில சீட். பசியில் பூட்டை நெம்பித் திறந்து அடுத்தவர் பங்கையும் சாப்பிட்டுவிட்ட பயணிகளும் இருந்தார்கள், பாவம் திரும்பி வருகிறவர் அன்று பட்டினி. ஒரு சீட்டுக்குச் சில ஷில்லிங் மிச்சம் பிடிக்க எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் நான் பார்ப்பது. இன்றைய மலிவு விமான நிறுவனங்கள் செய்கிற பலவற்றின் முன்மாதிரி அங்கேதான் இருக்கிறது.

இங்கிருந்துதான் அகலக்கால் தொடங்குகிறது.

1972இல் கோர்ட் லைன் இரண்டு லாக்ஹீட் டிரைஸ்டார் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, மேலும் சிலவற்றை வாங்கும் உரிமையையும் எடுத்துவைத்தது. டிரைஸ்டார் என்பது மூன்று எஞ்சின், அகன்ற உடல், அந்நாளின் மிகப் பெரிய விமானங்களில் ஒன்று. அதன் ஆர்பி 211 எஞ்சினை உருவாக்கப்போய்த்தான் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமே 1971 பிப்ரவரியில் திவாலாகி அரசின் கைக்குப் போனது. பெரிய பெரிய தேசிய நிறுவனங்களே யோசித்துக்கொண்டிருந்த விமானத்தை லூட்டனிலிருக்கும் ஒரு சுற்றுலா நிறுவனம் வாங்குகிறது! 1973 வசந்தத்தில் முதலாவது வந்தது, ஆரஞ்சு நிறம், ஹால்சியன் டேஸ் என்று பெயர். அடுத்து இளஞ்சிவப்பில் ஹால்சியன் பிரீஸ். ஒவ்வொன்றிலும் 400 சீட்.

வெறும் பகட்டுக்காக வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாக இருக்காது. லூட்டனைச் சுற்றியிருந்த மக்கள் ராத்திரி ஜெட் சத்தத்தால் தூக்கம் கெட்டுக் கொந்தளித்துக்கொண்டிருந்தார்கள், இரவுப் பறப்பைக் குறைக்கச் சொல்லி நெருக்கடி இருந்தது. டிரைஸ்டார் தன் அளவுக்கு மிகவும் அமைதியான விமானம். மூன்று ஒன்-லெவன் தூக்குகிற கூட்டத்தை ஒரே தடவையில், குறைந்த சத்தத்தில் தூக்கிவிடும். நிரம்பினால் ஒரு ஆளுக்கான செலவும் குறையும். எல்லாம் சரி. 'நிரம்பினால்' என்ற ஒரு சொல்லில்தான் விஷயம் மாட்டிக்கொண்டிருக்கிறது. 119 பேரைச் சேர்ப்பது வேறு, ஒரே நாளில் ஒரே ஊருக்கு 400 பேரைச் சேர்ப்பது வேறு, அதுவும் நவம்பர் மாதத்தில்.

குளிர்காலத்துக்காகக் கரீபியன் பக்கம் போனார்கள். 1971இலேயே லியாட் என்ற, ஆன்டிகுவா தீவைத் தளமாகக் கொண்ட விமான நிறுவனத்தை வாங்கியிருந்தார்கள். ஆன்டிகுவாவிலும் செயின்ட் லூசியாவிலும் ஹோட்டல்கள் வாங்கினார்கள். குளிர்காலத்தில் டிரைஸ்டாரை அங்கே ஓட்டலாம் என்பது திட்டம். இன்னொரு பக்கம் தாய் நிறுவனம் கப்பல் கட்டும் தளங்களை வாங்கிக் குவித்தது: ஆப்பிள்டோர், டாக்ஸ்ஃபோர்டு அண்ட் சண்டர்லாண்ட். கப்பல், கப்பல் கட்டுதல், விமானம், தீவு ஹோட்டல், எல்லாமே கடனில் ஓடுகிற, எல்லாமே பெரிய முதலீடு கேட்கிற, எல்லாமே உலகப் பொருளாதாரம் இருமினால் உடனே காய்ச்சலில் படுக்கிற தொழில்கள். ஒன்று நட்டப்பட்டால் இன்னொன்று தாங்கும் என்று பல தொழில் செய்வார்கள், இங்கே எல்லாம் ஒன்றாக நட்டப்படுகிற மாதிரி அமைந்துவிட்டது.

இதற்கிடையே கிளார்க்சன்ஸ் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. விலைப் போர். தாம்சன், ஹொரைசன், கிளார்க்சன்ஸ் மூவரும் ஒருவர் விலையை ஒருவர் வெட்டிக்கொண்டே போனார்கள். ஆண்டுதோறும் கூட்டம் கூடியது, ஒவ்வொரு ஆளிலும் கிடைத்த லாபமோ சில்லறையாகிக் கடைசியில் நட்டமாகவே ஆனது. சில ஹோட்டல்கள் கட்டி முடியும் முன்பே அங்கே ஆட்களை இறக்கிவிட்டதால் கெட்ட பெயர் வேறு. 1973இல் கிளார்க்சன்ஸின் தாய் நிறுவனம் இனி முடியாது என்று கைகழுவத் தயாரானது.

இப்போது முன்னால் சொன்ன அந்த வாக்கியத்துக்குத் திரும்புங்கள். சார்ட்டர் நிறுவனத்துக்குப் பயணிகள் சொந்தம் இல்லை, சுற்றுலா நிறுவனம்தான் வாடிக்கையாளர். கோர்ட் லைனின் விமானங்களில் பெரும்பகுதியை நிரப்பியது கிளார்க்சன்ஸ். அது மூடினால் கடனில் வாங்கிய ஒன்-லெவன்களும் புதிதாக வந்து நிற்கும் டிரைஸ்டார்களும் என்ன ஆகும்? வேறு எந்தச் சுற்றுலா நிறுவனமும் அவ்வளவு சீட்டை ஒரே நாளில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆகவே கோர்ட் லைன், தன் வாடிக்கையாளரைத் தானே வாங்கியது. விலை பெயரளவுக்கு ஒரு பவுண்டு. அதோடு வந்த நட்டம் முழுவதும் இனி கோர்ட் லைனுடையது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த ஹொரைசனையும் இதே காரணத்துக்காக வாங்கினார்கள். 1950இல் டகோட்டாவோடு எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அதே ரைட்ஸின் ஹொரைசன்.

என்னைக் கேட்டால் கோர்ட் லைனின் கதை முடிந்தது இந்த இடத்தில்தான். எண்ணெய் விலை வந்து கொன்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது கடைசி அடி, மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளரை விட்டுவிட முடியாமல் விலைகொடுத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு ஒரு விமான நிறுவனம் வந்துவிட்டது என்றால், அதன் விமானங்கள் அதன் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் பொருள். தேவைக்கு ஏற்ப விமானம் வாங்குவதுபோய், வாங்கிய விமானத்துக்காகத் தேவையை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

அப்புறம் வந்தது 1973 அக்டோபர். மத்தியக் கிழக்கில் போர், அதையொட்டி அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் அறிவிப்பு விலை மூன்று டாலரை ஒட்டி இருந்தது, 1974 ஜனவரியில் 11.65 டாலர். விமானத்துக்கு எரிபொருள் டாலரில், சுற்றுலாவுக்கு வருமானம் பவுண்டில். அதைவிட மோசமானது காலக் கணக்கு. சுற்றுலா நிறுவனம் அடுத்த கோடைக்கான விலைப் புத்தகத்தை முந்தைய ஆண்டே அச்சடித்துவிடுகிறது. மக்கள் அந்த விலையைப் பார்த்து முன்பணம் கட்டுகிறார்கள். விமானம் பறக்கும்போது எரிபொருள் என்ன விலை என்று அச்சடித்தபோது யாருக்கும் தெரியாது. கூடுதல் கட்டணம் போடலாம், போட்டார்கள், ஆனால் போட்டால் கூட்டம் குறையும்.

கூட்டம் ஏற்கெனவே குறைந்துகொண்டுதான் இருந்தது. நிலக்கரித் தொழிலாளர்களின் போராட்டத்தால் மின்சாரம் போதாமல், 1974 ஜனவரி முதல் மார்ச் தொடக்கம்வரை பிரிட்டனில் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம். சம்பளம் குறைந்த வீட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு யார் மயோர்க்கா கையேட்டைப் புரட்டுவார்கள்? சுற்றுலாத் தொழிலுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் உயிர். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மக்கள் கோடைப் பயணத்துக்குப் பதிவு செய்து முன்பணம் கட்டும் மாதங்கள் அவை. அந்த முன்பணத்தில்தான் நிறுவனங்கள் குளிர்காலச் சம்பளத்தையும் கடன் தவணையையும் கொடுக்கும். அந்த ஆண்டு அந்தப் பணம் சரியாக வரவில்லை.

ஜூன் மாதம் நிலைமை அரசின் மேசைக்குப் போனது. பிப்ரவரி தேர்தலில் பெரும்பான்மை இல்லாமல் ஆட்சிக்கு வந்த லேபர் அரசு அது, தொழில்துறை அமைச்சர் டோனி பென். கோர்ட் லைன் மூழ்கினால் அதன் கப்பல் கட்டும் தளங்களும் மூழ்கும், அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை. அதனால் ஜூன் 26ஆம் தேதி, கப்பல் தளங்களை அரசே சுமார் 16 மில்லியன் பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இந்த ஏற்பாடு அந்தக் கோடைக்கான விடுமுறைப் பயணங்கள் உட்படக் குழுமத்தின் நிலையைச் சீராக்கும் என்ற பொருளிலும் பேசினார். பணம் கட்டியிருந்தவர்கள் நிம்மதியானார்கள். கட்டலாமா வேண்டாமா என்று தயங்கியவர்கள் போய்க் கட்டினார்கள். இந்த இடத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அமைச்சர் பொய் சொன்னார் என்பதற்காக இல்லை. உறுதியாகத் தெரியாத ஒன்றை உறுதியானதுபோல் கேட்கும்படி ஒருவர் சொல்லும்போது, அதை நம்பி வருடச் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பது யாரென்றால் வேறு வழியில் தகவல் கிடைக்காத சாதாரண ஆட்கள்தான்.

சரியாக ஐம்பது நாள். 1974 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை, சீசனின் உச்சத்தில் கோர்ட் லைன் செயல்பாட்டை நிறுத்தியது. கிளார்க்சன்ஸும் ஹொரைசனும் அதோடு போயின.

வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டவர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல். ஹோட்டல்காரர்களுக்குக் காசு வரவில்லை, திரும்ப விமானம் இல்லை. இவர்களை வீடு சேர்க்க ஒரு வழி இருந்தது. பெரிய சுற்றுலா நிறுவனங்கள் சேர்ந்து 1970வாக்கில் ஒரு பிணைத்தொகை ஏற்பாடு செய்து வைத்திருந்தன, உறுப்பினர் ஒருவர் விழுந்தால் அந்தப் பணத்தில் பயணிகளைக் கூட்டிவர வேண்டும் என்று. அதை வைத்து மற்ற விமான நிறுவனங்கள் போய் அழைத்துவந்தன. பல நிறுவனங்களின் விமானங்கள் அடுத்தடுத்து மத்தியதரைக்கடல் ஊர்களுக்குப் போய் அவரவர் போட்டியாளரின் பயணிகளை ஏற்றி வந்த நாட்கள் அவை.

இன்னும் கிளம்பாதவர்களுக்குத்தான் ஒன்றுமே இல்லை. பணம் கட்டிவிட்டுப் பெட்டி கட்டக் காத்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பிணைத்தொகை திரும்பக் கூட்டிவருவதிலேயே தீர்ந்துபோகும் நிலை. அரசு அமைச்சரின் பேச்சை நம்பித்தானே கட்டினோம் என்று அவர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குறைதீர்ப்பு ஆணையரும், அரசைப் பொறுப்பிலிருந்து முழுவதுமாக விடுவிக்க முடியாது என்றே அறிக்கை கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் நெருக்கடி தாங்காமல் 1975இல் விமானப் பயணக் கையிருப்பு நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கியது. 15 மில்லியன் பவுண்டுவரை அரசுக் கடன் கொடுத்து, அதிலிருந்து பணம் இழந்தவர்களுக்குத் திருப்பித் தந்து, அந்தக் கடனை இனி டூர் போகிறவர்களிடமிருந்து சிறு சதவீதக் கட்டணமாக வசூலித்து அடைப்பது என்று ஏற்பாடு. சில ஆண்டுகளில் கடன் அடைந்தது.

விமானங்களுக்கு என்ன ஆனது? ஒன்-லெவன்கள் பல நிறுவனங்களுக்குப் பிரிந்து போயின. இரண்டு டிரைஸ்டாரும் கொஞ்ச காலம் சும்மா நின்றுவிட்டுப் பின்னால் ஹாங்காங்கின் கத்தே பசிபிக்கிடம் போய்ப் பல ஆண்டு நன்றாகப் பறந்தன. விமானத்தில் குறையே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. கரீபியனின் லியாட்டை அந்தப் பகுதித் தீவு அரசுகள் பதினொன்று சேர்ந்து வாங்கிக் காப்பாற்றின.

லூட்டனில் கோர்ட் லைனுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த இரண்டு நிறுவனங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று பிரிட்டானியா, தாம்சன் குழுமத்தின் சொந்த விமான நிறுவனம். இன்னொன்று மொனார்க், காஸ்மாஸ் என்ற டூர் நிறுவனத்தோடு ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது, 1968இல் பறக்கத் தொடங்கியது. இரண்டுமே பல ஆண்டு நின்றன. அவற்றின் சுற்றுலா நிறுவனமும் விமான நிறுவனமும் தொடக்கத்திலிருந்தே ஒரே பணப்பையில் இருந்தன. எத்தனை சீட் விற்கும் என்று தெரிந்தவரும் எத்தனை விமானம் வாங்குவது என்று முடிவெடுப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட் லைனும் கடைசியில் அந்த அமைப்புக்குத்தான் வந்தது, ஆனால் விமானத்தை வாங்கி முடித்த பிறகு, நட்டத்தோடு சேர்த்து.

மொனார்க்கின் முடிவும் இதே கதையின் தொடர்ச்சிதான். 2017 அக்டோபர் 2ஆம் தேதி அதிகாலையில் அதுவும் நின்றுபோனது. அப்போது வெளிநாட்டில் இருந்த சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேரையும், டூரில் போனவர், வெறும் டிக்கெட் வாங்கியவர் என்று பார்க்காமல், விமானப் போக்குவரத்து ஆணையம் வாடகைக்கு விமானங்களைப் பிடித்துக் கூட்டிவந்தது. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் என்ற சுற்றுலா நிறுவனம் விழுந்தபோது இன்னும் பெரிய கூட்டத்துக்கும் இதே வேலை நடந்தது. பிரிட்டனில் இன்று பேக்கேஜ் டூர் வாங்கும் ஒவ்வொருவருக்காகவும் சுற்றுலா நிறுவனம் 2.50 பவுண்டை ஒரு பாதுகாப்பு நிதிக்குக் கட்டுகிறது. டூர் நிறுவனம் மூடினால் போகாதவருக்குப் பணத்தைத் திருப்புவதும், போனவரைக் கூட்டிவருவதும் அந்த நிதியின் வேலை. 1974 ஆகஸ்டில் கட்டிய பெட்டியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அப்படி ஒரு நிதி முதன்முதலில் தேவைப்பட்டது.